சீர்த்தட்டில் வந்த எடிட்டர்

காவ்யா,

மன்னிப்புக் கேட்பதற்காக இதை எழுதுகிறேன் என்று உன் அம்மா நினைத்துக்கொண்டிருக்கிறாள். காபியைக் கொண்டுவந்து மேஜையில் வைத்துவிட்டு, "நல்லா மனசு விட்டு எழுதுங்க" என்று சொல்லிவிட்டுப் போனாள். மனம் விட்டுத்தான் எழுதுகிறேன். மன்னிப்பு மட்டும் இதில் இருக்காது. உன் நிச்சயதார்த்தத்தன்று குரோம்பேட்டை மண்டபத்தில், உன் தாய்மாமன் கொண்டுவந்த சீர்த்தட்டிலிருந்து ஒரே ஒரு அட்டையை எடுத்து, அத்தனை பேர் முன்னிலையில் அவருடைய சட்டைப் பையில் திரும்பச் செருகியவன் நான். இன்னொரு முறை அந்தத் தட்டு வந்தாலும் அதையேதான் செய்வேன். அன்று வீட்டுக்குத் திரும்பும் காரில் நீ என்னிடம் கேட்டது ஒரே கேள்வி: "ஒரு எடிட்டருக்காகவாப்பா?" மறுநாள் காலையில் பையைத் தூக்கிக்கொண்டு சேலையூரில், உன்னோடு சேர்ந்து தொழில் தொடங்கப்போகும் ஷர்மிளா வீட்டுக்குப் போய்விட்டாய். தண்டவாளத்துக்கு அந்தப் பக்கம் நீ, இந்தப் பக்கம் மேற்குத் தாம்பரத்தில் நான். நடுவில் ஒரு சுரங்கப்பாதைதான். ஆனாலும் போனை எடுக்க மாட்டேன் என்கிறாய். அதனால் பதிலை எழுத வேண்டியதாயிற்று. ஆமாம், ஒரு எடிட்டருக்காகத்தான்.

இப்போது நிலைமை என்னவென்று உனக்குத் தெரிந்திருக்கும். பாஸ்கர் மாமா சொல்லி அனுப்பியிருக்கிறார். நான் தாம்பூலத்தோடு அவர் வீட்டுக்குப் போக வேண்டும், அந்த அட்டையைக் கேட்டு வாங்கிக்கொள்ள வேண்டும். அப்போதுதான் கல்யாணத்துக்கு வருவாராம். இல்லையென்றால் மேடையில் உனக்கு மாலை எடுத்துக் கொடுக்கத் தாய்மாமன் இருக்க மாட்டார். உன் அம்மா இரண்டு வேளை சாப்பிடுவதை ஒரு வேளையாக்கிவிட்டாள். "ஊர் முழுக்கக் கேப்பாங்க, அண்ணன் எங்கன்னு. நான் இன்னா சொல்றது, கம்ப்யூட்டர்ல ஏதோ தகராறுன்னா?" என்கிறாள். அவளுக்குக் கோபம் வந்தால்தான் பிறந்த வீட்டுப் பேச்சு வரும். 'இன்னா' என்று கேட்டதும் எனக்கு விஷயம் முற்றிவிட்டது புரிந்தது. ஞாயிற்றுக்கிழமை போவதாகச் சொல்லியிருக்கிறேன். போவேன். அதற்கு முன் நீ தெரிந்துகொள்ள வேண்டியவற்றைச் சொல்லிவிடுகிறேன். இதை உன் அம்மா படிக்கட்டும், உன் மாமா படிக்கட்டும், உன்னைக் கட்டிக்கொள்ளப் போகும் பிரசன்னாவும் மறைமலை நகரில் அவன் வீட்டாரும் படிக்கட்டும். ஒளித்து வைக்க இதில் எதுவும் இல்லை.

மண்டபத்தில் நடந்ததை எல்லோரும் அவரவர் விருப்பப்படி சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். நடந்தது இதுதான். மாமா வரிசையாகத் தட்டுகளை வைத்தார். ஆப்பிள், மாதுளை, வெற்றிலை பாக்கு, உனக்கு மயில் நீலப் பட்டு. பட்டின் மேல், கண்ணாடித் தாள் சுற்றிய ஒரு அட்டை. உனக்கும் ஷர்மிளாவுக்கும் சேர்த்து மூன்று வருடத்துக்கு, கம்ப்யூட்டர் கோடு (நிரல்) எழுதும் உயர்ரக எடிட்டர் மென்பொருளுக்கான சந்தா. மைக்கை வாங்கி, "எங்க காவ்யா வேலைய விட்டுட்டுச் சொந்தமா வெப்சைட் கம்பெனி ஆரம்பிக்கப் போறா. அவ அப்பா மாதிரி ஓசி சாஃப்ட்வேர்ல கோடு எழுத வேணாம். அதான் இந்த மாமனோட சீர்" என்றார். கூட்டம் சிரித்தது. பின்வரிசையில் யாரோ ஒருவர், "எடிட்டர்னா சினிமா எடிட்டரா?" என்று பக்கத்திலிருந்தவரைக் கேட்டது எனக்கு நன்றாகக் காதில் விழுந்தது. 'அவ அப்பா மாதிரி' என்பதற்காக நான் அட்டையை எடுத்தேன் என்று நீ நினைக்கிறாய். அதையும் நான் மறக்கப்போவதில்லை. ஆனால் அதற்காக எடுக்கவில்லை. அந்த அட்டையின் கீழ்ப்பகுதியில் சிறிய எழுத்தில் இருந்ததைப் படித்தேன். கணக்கு மாமாவின் வெப்சைட் கம்பெனி மின்னஞ்சலில் இருந்தது. நீங்கள் இருவரும் அதில் இரண்டு இருக்கைகள், அதாவது கணக்குக்குச் சொந்தக்காரர் விடும்வரை உட்காரலாம், எழுப்பினால் எழ வேண்டும்.

"அட்மின் யாரு மச்சான்?" என்று கேட்டேன்.

"நம்ம கம்பெனிதான் மாப்ள. பல்க்கா வாங்கினா சீப்பு. ஏன்?"

"அவ பேர்ல மாத்த முடியுமா?"

"எதுக்கு மாத்தணும்? நாளைக்கே நான் புடுங்கிக்கவா போறேன்? ஃபேமிலிதான?"

அந்தக் கடைசி வார்த்தையைக் கேட்டதும் கை தானாக அட்டையை எடுத்துவிட்டது. சட்டைப் பையில் செருகி, "பட்டு போதும் மச்சான். இத நீங்களே வெச்சிக்குங்க" என்றேன். அவ்வளவுதான் பேச்சு. நான் கத்தியதாக, தட்டைத் தள்ளியதாகச் சொல்பவர்கள் யாரும் முதல் வரிசையில் இல்லை.

ஃபேமிலி என்ற சொல்லை நான் அவரிடம் ஏற்கெனவே ஒரு முறை கேட்டிருக்கிறேன். ஜி.எஸ்.டி. சாலையில் ஒரு ஸ்வீட் கடைக்கு மேலே, மூன்று கம்ப்யூட்டர்களோடு அவருடைய கம்பெனி இருந்த காலம் அது. உனக்கு நினைவிருக்காது, அப்போது நீ தவழ்ந்துகொண்டிருந்தாய். எம்.எஸ்ஸி. முடித்து வேறோர் இடத்தில் நல்ல வேலையில் இருந்த என்னை, "வெளியாள வெச்சி இத ஓட்ட முடியாது மாப்ள, நீ ஃபேமிலி" என்று அழைத்தார். போனேன். சொந்தக்காரன் என்பதால் எனக்கு நியமனக் கடிதம்கூடக் கொடுக்கவில்லை, நானும் கேட்கவில்லை. கேட்டால் மரியாதையில்லை என்று நினைக்கும் ஜாதி நாம். அங்கே அவர் விலை உயர்ந்த ஒரு மென்பொருள் வாங்கிப் போட்டிருந்தார். பெட்டிகளை இழுத்துப் போட்டால் பக்கம் உருவாகிவிடும். வேகமாக வேலை நடக்கும். அதில் ஒரு சங்கதி உண்டு: நீ உருவாக்கும் புராஜெக்ட் ஃபைல் அந்த மென்பொருளில் மட்டும்தான் திறக்கும், அந்த மென்பொருளோ கம்பெனி மின்னஞ்சல் போட்டால்தான் திறக்கும். பள்ளிக்கூடங்கள், கிளினிக்குகள், பல்லாவரம் முதல் சிங்கப்பெருமாள் கோயில் வரை கல்யாண மண்டபங்கள் என்று நான் கட்டிய தளங்கள் எல்லாம் அப்படித்தான் கட்டப்பட்டன.

கம்பெனி வளர்ந்து கண்ணாடிக் கட்டடத்துக்குப் போனது. ஒரு திங்கட்கிழமை என்னைக் கூப்பிட்டு, இப்போது உனக்கிருக்கும் வயதில் ஒரு பெண், என் பெயரைத் தவறாக உச்சரித்தபடி, என் வேலை இனிமேல் தேவைப்படாது என்றாள். உன் மாமா அன்று ஊரில் இல்லை. வேண்டுமென்றேதான் வெளியூர் போயிருந்தார் என்று நான் இன்றும் நம்புகிறேன். நீ எத்தனை முறை மறுத்தாலும் நம்புவேன். நான் பஸ் பிடித்து வீட்டுக்கு வந்து மடிக்கணினியைத் திறந்தபோது கம்பெனியின் அந்த எடிட்டர் என் கடவுச்சொல்லை ஏற்கவில்லை. என் ஃபைல்கள் என் ஹார்டு டிஸ்க்கில்தான் இருந்தன. பெயர்கள் வரிசையாகத் தெரிந்தன. ஒன்றுகூடத் திறக்கவில்லை. வேறு வேலைக்கு மனுப்போட, 'இது நான் செய்தது' என்று காட்ட என்னிடம் எதுவும் இல்லை. வேலை போனதை மனிதன் தாங்கிக்கொள்ளலாம், காவ்யா. தான் செய்ததைத் தன்னாலேயே திறக்க முடியாமல் உட்கார்ந்திருப்பது வேறு மாதிரியான அவமானம். அன்று நீ பிளஸ் ஒன் பரீட்சைக்குப் படித்துக்கொண்டு பக்கத்து அறையில் இருந்தாய். உன்னிடம் எதுவும் சொல்லவில்லை.

அதற்குப் பிறகு செல்வம் என்ற ஒருவர் போன் செய்தார். திருமுடிவாக்கம் தொழிற்பேட்டையில் தகரம் வளைத்து மின்பெட்டி செய்யும் பட்டறை வைத்திருப்பவர். அவருடைய தளத்தை நான்தான் கட்டியிருந்தேன். "சார், சைட்ல பழைய போன் நம்பர் கீது. அத மாத்தணும்னா, புச்சா ஒரு சைட்டே கட்டணும்னு உங்க ஆபீஸ்ல சொல்றாங்கோ" என்றார். அங்கேயும் பழைய ஃபைல் திறக்கவில்லை போலும். மென்பொருள் பதிப்பு மாறியிருக்கும். சர்வர் கடவுச்சொல் அவரிடமே இருந்தது. நான் அவர் பட்டறைக்குப் போய், பக்கங்களை இறக்கி, வேறு வழியில்லாமல், ஒரு பைசா கொடுக்காமல் கிடைக்கும் சாதாரண எடிட்டர் ஒன்றில் திறந்தேன். அந்த உயர்ந்த மென்பொருள் எழுதி வைத்திருந்த கோடு, மூச்சு விடாமல் பேசும் ஆளைப் போல, பக்கம் முழுவதும் ஒரே வரியாக ஓடியது. அதற்குள் செல்வத்தின் எண்ணைத் தேடிப் பிடித்து ஒவ்வொரு பக்கத்திலும் மாற்றினேன். அவர் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருந்தார்.

"இன்னா சார், ஒரு நம்பர மாத்த இம்மாம் பேஜாரா? என் வூட்டு கேட்ல நம்பர மாத்தணும்னா ஒரு டப்பா பெயின்ட்டு, ஒரு பிரஷ்ஷு."

"உங்க கேட்டு உங்களுது செல்வம். இந்த கேட்டுக்கு சாவி வேற ஆள்கிட்ட இருந்தது."

"அப்ப எனக்கு பெயின்ட் அடிக்கிற மாதிரியே ஒண்ணு கட்டிக் குடு சார். ஜிகினா கிகினாலாம் வேணாம்."

கட்டிக்கொடுத்தேன். அதே இலவச எடிட்டரில், வெறும் எழுத்தாக. எந்தக் கம்ப்யூட்டரில், எந்த மென்பொருளில் திறந்தாலும் திறக்கும். அந்தத் தளம் இன்றும் ஓடுகிறது. அதிலிருந்துதான் எனக்கு மறுபடி வேலை வர ஆரம்பித்தது. நீ காட்டாங்குளத்தூரில் படித்து முடித்ததும் அந்த வேலையில்தான். பெரிய வேலைகள் இல்லை. வருகிற வேலைகள் என்னுடையவை. பல்லாவரத்தில் ஒரு நேர்முகத் தேர்வில், தாடி வைத்த ஒரு பையன், "எந்த எடிட்டர் யூஸ் பண்றீங்க சார்?" என்று கேட்டான். சொன்னேன். பக்கத்திலிருந்தவனைப் பார்த்துச் சிரித்தான். அந்தச் சிரிப்பையும் வைத்திருக்கிறேன். பத்திரமாக இருக்கிறது.

இப்போது உன் விஷயத்துக்கு வருகிறேன். ஷர்மிளா வீட்டுக்குக் கிளம்பும்போது, வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே நீ சொன்னாய்: "உங்க சண்டைய என் லேப்டாப்புக்குள்ள கொண்டு வராதீங்கப்பா." நல்ல வாக்கியம். என் மகள் சொல்லக்கூடியதுதான். அதில் பாதி சரி. அதனால் நான் என்ன செய்தேன் தெரியுமா? உன் மாமா கொடுத்த அதே எடிட்டரை, சோதனைக்கு இலவசமாகத் தரும் காலத்துக்கு வாங்கி, என் கணினியில் போட்டு உண்மையான வேலை ஒன்றைச் செய்து பார்த்தேன். குறை கண்டுபிடிக்கத்தான் உட்கார்ந்தேன், மறைக்கவில்லை. நன்றாகத்தான் இருக்கிறது. பாதி எழுதும்போதே மீதியை ஊகித்துச் சொல்கிறது. பெரிய புராஜெக்டில் ஒரு பெயரை மாற்றினால் எல்லா இடத்திலும் ஒழுங்காக மாற்றுகிறது. என்னுடைய இலவச எடிட்டரில் அதே வசதிக்குத் துணைச் செயலிகளை ஒவ்வொன்றாகச் சேர்க்க வேண்டியிருக்கிறது. இதை எழுத எனக்குப் பிடிக்கவில்லை, ஆனாலும் எழுதிவிட்டேன். காசு கொடுத்து வாங்கும் பொருளெல்லாம் மோசம் என்று நான் உனக்குச் சொல்லிக்கொடுக்கவில்லை.

ஆனால் தொடங்குகிற நாளில் உங்கள் இருவருக்கும் அது வேண்டுமா என்று யோசி. நீங்கள் செய்யப்போவது மருந்துக்கடைக்கும் டியூஷன் சென்டருக்கும் தளம் கட்டும் வேலை. அதற்கு அந்த இலவச எடிட்டர் தாராளமாகப் போதும். ஷர்மிளாவின் பழைய மடிக்கணினியில் மாமாவின் எடிட்டரைத் திறந்தால் விசிறி பம்புசெட் மாதிரி கத்தும். அது கேட்கும் அளவுக்கு நினைவகம் அவள் மடிக்கணினியில் இல்லை. சொந்தமாகச் சந்தா எடுத்தால் போகும் காசை முதலில் அந்த நினைவகத்தை, அதாவது ராமைக் கூட்டப் போடுங்கள். அடுத்து ஒரு யுபிஎஸ். சேலையூரில் மழை பெய்தால் கரன்ட் என்ன ஆகும் என்று நீ தினமும் பார்த்துக்கொண்டிருக்கிறாய். அதற்கும் மேல் மிஞ்சினால் முதுகு தாங்கும் நாற்காலி. இலவசம் என்பதால் கண்டதையும் சேர்க்காதே. கல்லூரியில் படிக்கும்போது, யாரோ யூடியூபில் சொன்னான் என்று ஊரிலிருந்த துணைச் செயலிகளையெல்லாம் போட்டுவிட்டு, "லேப்டாப் செத்துடுச்சுப்பா" என்று அழுதாய். நான் உட்கார்ந்து ஒவ்வொன்றாக நீக்கியதும் அது எழுந்து உட்கார்ந்தது. ஒவ்வொரு துணைச் செயலியும் நீ எழுதுவதைப் படிக்கும் ஒரு அந்நியன். யார் செய்தது என்று பார்க்காமல் உள்ளே விடாதே. வாடிக்கையாளரின் கடவுச்சொல் இருக்கும் ஃபைலைக் கோடு ஊகித்துச் சொல்லும் வசதிக்குக் காட்டாதே. அது எங்கே போகிறதென்று நமக்குத் தெரியாது. யாராவது பென் டிரைவில் கிராக் செய்த திருட்டுப் பதிப்பைக் கொண்டுவந்தால், அவனை மாடிப்படியிலேயே நிறுத்தித் திருப்பி அனுப்பு.

வேலை வளர்ந்து, ஒரு நாள் இலவசமானது கையைக் கட்டுகிறது என்று தோன்றினால், காசு கொடுத்து வாங்கு. அப்போதும் வாங்குவதற்கு முன் அதன் ஒப்பந்தத்தின் மூன்றாம் பக்கத்தில் சிறிய எழுத்தில் இருப்பதைப் படி. பணம் கட்டுவதை நிறுத்தினால் கடைசியாக இருந்த பதிப்பாவது உன்னிடம் இருக்குமா, அல்லது கதவைச் சாத்திவிடுவார்களா என்று பார். வருடா வருடம் கேட்காமலே கார்டிலிருந்து எடுக்கும் வசதியை வாங்கிய அன்றே அணைத்துவிடு. எது வாங்கினாலும் அந்தக் கணக்கு உன் மின்னஞ்சலில், உன் பெயரில் இருக்கட்டும். ஷர்மிளாவுக்குத் தனிக் கணக்கு, அவள் பெயரில். உன் கணக்கில் அவளை இருக்கையாக உட்கார வைக்காதே. நீ எனக்கு நேர்ந்ததை அவளுக்குச் செய்ய மாட்டாய் என்று எனக்குத் தெரியும். உன் மாமாவும் அப்படித்தான் நினைத்திருப்பார். அவர் கெட்ட மனிதர் இல்லை. சாவி தன்னிடம் இருப்பதை அன்பு என்று நினைக்கிற மனிதர். கெட்டவர்களோடு சண்டை போடுவது இதைவிடச் சுலபம்.

பாதி சரி என்று சொன்னேன் அல்லவா, மீதிப் பாதியைக் கேள். என் சண்டை உன் லேப்டாப்புக்குள் வரவில்லை; அங்கே ஏற்கெனவே இருந்தது. நீ எழுதிச் சம்பாதிக்கப்போகிற கருவி இன்னொருவர் நினைத்தால் அணையும் என்றால், அந்த இன்னொருவர் மாமாவாக இருந்தால் என்ன, நாளைக்கு மாமனாராக இருந்தால் என்ன, நானாகவே இருந்தால் என்ன? நான் சந்தா கட்டி என் பெயரில் உனக்குக் கொடுத்தாலும் நீ என் சட்டைப் பையில் திரும்பச் செருக வேண்டும். செருகினால் எனக்கு வலிக்கும். ஆனாலும் செருகு. நீ இருந்த வேலையை விட்டுவிட்டு, சேலையூரில் ஒரு தையல் கடைக்கு மேலே ஆபீஸுக்கு அறை எடுத்திருப்பது யார் கணக்கிலும் ஓர் இருக்கையாக இருக்கக் கூடாது என்றுதானே? அதை எல்லோரும் பிடிவாதம் என்றார்கள். உன் அம்மா என்னைப் பார்த்து, "உங்க ரத்தம்" என்றாள். எனக்கு அன்று இரண்டு இட்லி கூடுதலாக இறங்கியது.

ஒரு விஷயத்தில் மட்டும் நீ என்னைக் கோபித்துக்கொள்ள உரிமை உண்டு. அந்தத் தட்டு உனக்கு வந்தது. அட்டையை எடுக்கும் முன் உன்னை ஒரு முறை திரும்பிப் பார்த்திருக்கலாம். பார்க்கவில்லை. மாமாவும் உன்னைக் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை; இரண்டு ஆண்கள் உன் எடிட்டரை உன் தலைக்கு மேல் கொடுத்து வாங்கிக்கொண்டோம். இதைத்தான் நீ காரில் கேட்டாயோ என்று பிறகு தோன்றியது. அப்படியென்றால் அந்தக் கேள்வி நல்ல கேள்வி. மற்றபடி நான் சொன்ன எதையும் திரும்ப எடுத்துக்கொள்ளவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை உன் அம்மாவும் நானும் மாமா வீட்டுக்குப் போகிறோம். தட்டில் வெற்றிலை பாக்கு, பழம், பூ, உன் கல்யாணப் பத்திரிகை எல்லாம் இருக்கும். "மச்சான், நீங்க வந்துதான் மாலை எடுத்துக் குடுக்கணும்" என்று முறையாகக் கூப்பிடுவேன். அந்த மாலையை எடுத்துக் கொடுக்கும் உரிமை அவருடையது. அதில் எனக்கு எந்தச் சண்டையும் இல்லை. மாமி காபி கொடுப்பார், குடிப்பேன். பிறகு அவர் அந்த அட்டையை எடுத்துக்கொண்டு வருவார். "இப்ப வாங்கிக்கிறியா மாப்ள?" என்று கேட்பார். அந்த இடத்தில் எனக்கு ஒரு பதில் வேண்டும், அது என்னுடைய பதிலாக இருக்கக் கூடாது. நீ எந்த எடிட்டரில் வேலையைத் தொடங்கப் போகிறாய் என்று அதற்குள் எனக்கு ஒரு வரி அனுப்பு. இலவசமானதா, நீயே காசு போட்டு வாங்கியதா, எதுவானாலும் சரி. "அவ முடிவு பண்ணிட்டா மச்சான், அவ பேர்லயே இருக்கு" என்று தலை நிமிர்ந்து சொல்லிக்கொள்கிறேன்.

எல்லாவற்றையும் படித்த பிறகும் மாமாவின் அட்டைதான் வேண்டும் என்று நீ எழுதலாம். எழுது. நீ வளர்ந்த பெண், உன் வேலை உன்னுடையது. அப்படியானால் ஞாயிற்றுக்கிழமை தாம்பரத்துக்கு வந்து எங்களோடு கிளம்பு, அட்டையை உன் கையாலேயே வாங்கிக்கொள். தடுக்க மாட்டேன், முகத்தைத் திருப்பிக்கொள்ளவும் மாட்டேன், பக்கத்திலேயே நிற்பேன். ஆனால் தாம்பூலத் தட்டை நான் இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டுதான் நிற்பேன். அட்டை வாங்க எனக்கு மூன்றாவது கை கிடையாது.

அப்பா